கும்பார்வாடாவில் கார்த்திகை

துளசி விவாகமும் தேவ தீபாவளியும் முடிந்ததும் மும்பையின் மராத்தி, குஜராத்தி வீடுகளில் அகல்கள் பரணுக்குப் போய்விடும். தமிழ் வீடுகளில் அப்போதுதான் அகலைத் தேடத் தொடங்குவார்கள். கார்த்திகை தீபத்துக்கு வீடு முழுக்க விளக்கு, மார்கழியில் விடிவதற்கு முன் கோலத்தின் நடுவே ஒன்று, தை பிறந்தால் பொங்கல் பானை. தாராவியின் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதே வாரங்களில் வாசலில் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே பல்பு எரிய விடுகின்றன. ஒரே சந்துக்குள் இரண்டு வெளிச்சமும் இருக்கும்.

அகலும் பானையும் வரும் இடம் தொலைவில் இல்லை. தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டியே கும்பார்வாடா இருக்கிறது. அங்கே சக்கரம் சுற்றுபவர்கள் தமிழர்கள் அல்லர். குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்களும் சௌராஷ்டிரக் குயவர்களும் இந்தச் சதுப்பு நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடியேறி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஒருவர் வீட்டுப் பண்டிகை இன்னொருவருக்குப் பிழைப்பாகிவிட்டது. மும்பையில் எனக்கு மிகவும் பிடித்த உறவு இதுதான்.

கார்த்திகை நெருங்கும் நாட்களில் கும்பார்வாடாவுக்குள் நுழைந்தால் காலை எங்கே வைப்பது என்பதே கேள்வி. நடைபாதை, திண்ணை, ஏணிப்படி, கூரை என்று எங்கும் பச்சை அகல்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. இங்கே வீடும் பட்டறையும் ஒன்றுதான். தெருப்பக்கக் கதவில் விற்பனை. பின்பக்கக் கதவைத் திறந்தால் சூளை முற்றம். நடுவில் இருக்கும் அறையில் சக்கரம், மண் குவியல், அடுப்பு, பள்ளிக்கூடப் பை, தூங்கும் குழந்தை.

நான் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டில் நடுவயதுக்காரர் ஒருவர் மோட்டார் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் மேல் முழங்கால் உயரத்துக்கு மண். அதன் உச்சியை மட்டும் கட்டைவிரலால் குழித்து, விளிம்பைத் தூக்கி, திரி வைக்க ஒரு ஓரத்தைக் கிள்ளி, அடியில் நூலால் அறுத்துப் பலகையில் வைத்துவிடுகிறார். சக்கரம் நிற்பதே இல்லை. மண் குறையக் குறைய அகல் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அவர் பேசிக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் இருந்தார். விரல்கள் மட்டும் ஒரே அளவைப் பிடித்துக்கொண்டிருந்தன. அச்சில் அழுத்திச் செய்யும் பூவேலை அகல்களும் இங்கே உண்டு. கடைக்காரர்கள் அவற்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குக் கை அகல்தான் அழகு.

சக்கரத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள். மற்ற வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. லாரியில் வந்து இறங்கும் மண்ணை ஊறவைப்பது, கல் பொறுக்குவது, மிதித்துப் பதமாக்குவது, காயவைப்பது, காவி பூசுவது, கடைசியில் வாசலில் உட்கார்ந்து விற்பது எல்லாம் அவர்கள் கையில். அகலுக்குப் பெயர் வாங்குவது சக்கரக்காரர் என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மும்பையின் மழைக்காலம் இந்தத் தொழிலுக்குப் பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் பச்சை மண் எப்படிக் காயும்? மழை ஓய்ந்ததும் நவராத்திரிக்கு, உள்ளே விளக்கு வைக்கும் துளைப்பானை. பின் தீபாவளி அகல். அடுத்து நம் கார்த்திகை. ஜனவரியில் மராத்தியப் பெண்கள் சங்கராந்திக்கு வாங்கும் சுகட் என்னும் சின்னக் கலயமும் பொங்கல் பானையும் ஒன்றாகச் சூளை ஏறுகின்றன. சுகட்டில் கரும்புத் துண்டும் இலந்தைப் பழமும் பச்சைக் கடலையும் போட்டுப் பூசை செய்வார்கள். வெயில் ஏறினால் தண்ணீர்ப் பானை. குளிர்மாதங்கள்தான் குயவருக்கு நல்ல மாதங்கள். வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில், ஜனவரி இரவுகள் 17 டிகிரி அளவுக்கு இறங்கும் பருவத்தில், மண் விரிசல் விடாமல் நிதானமாகக் காய்கிறது. அதனாலேயே டிசம்பரில் திடீரென்று மழை தூறினால் கும்பார்வாடா முழுக்கத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

சூளை என்றால் இடுப்புயரச் செங்கல் சுவர்தான். அதைச் சில குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. பெரிய பானைகளின் இடைவெளிகளில் அகல்களை அடுக்கி, கீழே எரிபொருள் திணித்து, மேலே உடைந்த ஓடுகளைப் பரப்பி மூடுகிறார்கள். எரிபொருள் பஞ்சுக் கழிவும் துணிக் கழிவும். ஆலைகளால் வளர்ந்த நகரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சூடு 500, 600 டிகிரியைத் தாண்டும்போது மண்ணுக்குள் கட்டுண்டிருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊறவைத்தாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. ஆனால் நுண்துளைகள் இருக்கும். புது அகலை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லும் பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. துளைகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் அகல் எண்ணெயைக் குடிக்காது.

புகையைப் பற்றிப் பேசாமல் சூளையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. சூளை எரியும் நேரத்தில் சந்துக்குள் கண் திறக்க முடியவில்லை. சாயம் ஏறிய துணி எரியும் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. நான் சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்தக் குடும்பங்கள் அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகின்றன. புகை குறைந்த சூளை இவர்களுக்கு உடனடித் தேவை. தாங்கள் வாங்கும் வெளிச்சத்துக்கு யார் நுரையீரல் விலை கொடுக்கிறது என்பது வாங்குபவர்களுக்கும் தெரியவேண்டும்.

மாலையில் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்குகிறார்கள். மாட்டுங்கா சந்தையில் வாழையிலை, பொரி, வெல்லத்துக்குப் பக்கத்தில் அகலைப் பரப்பி விற்கும் சிறு வியாபாரிகள் கூடை கூடையாக எடுக்கிறார்கள். செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலுக்கு விளக்கேற்றப் போகும் பெண்கள் இரண்டு டஜன் வாங்குகிறார்கள். தாராவித் தமிழ்ப் பெண்கள் வீட்டு வேலை முடித்து நடந்தே வருகிறார்கள். ஒருவர் பானையை எடுத்து விரல் மடக்கித் தட்டினார். கணீரென்று கேட்டது. "பென், யே கித்னா?" என்று குஜராத்தி முறையில் சகோதரி என்றழைத்து விலை கேட்க, "ஆப் போலோ அக்கா" (நீங்களே சொல்லுங்கள்) என்று பதில் வந்தது. அவர்கள் பேசிய இந்தியில் இலக்கணம் குறைவு, உரிமை அதிகம்.

இந்தப் பானைகளில் சில, பொங்கலன்று நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அடுப்பேறும். தெருவோரம் வரிசையாகக் கல் கூட்டி, புதுச்சேலை கட்டிய பெண்கள் ஒன்றாகப் பொங்கல் வைக்கும் அந்தக் காலை தாராவியின் பெருமை. பித்தளையும் எவர்சில்வரும் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் மண்பானையில் பால் பொங்கும்போது எழும் குலவைக்கு ஒரு படி சத்தம் கூடுதல் என்றே எனக்குத் தோன்றியது.

இனி இது எத்தனை காலம்? கும்பார்வாடா குயவர்கள் தென்மும்பையிலிருந்து நகரம் வளர வளரத் தள்ளப்பட்டு இங்கு வந்தவர்கள். 1895-இல் ஆங்கிலேய அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் தந்தது. அந்தக் கணக்கு 1994-இல் முடிந்துவிட்டது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் முன்னுக்கு வந்தது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதாகச் சான்று காட்டுபவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று எந்தக் குயவரும் சொல்லமாட்டார். அவர்கள் கேட்பது வேறு. மண் இறக்க இடம், காயவைக்க வெயில், சூளைக்கு முற்றம், விற்கத் தெருவாசல். இந்த நான்கும் அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் கிடைக்காது. திட்டம் போடுபவர்கள் கும்பார்வாடாவைக் குடியிருப்பாக மட்டும் அளந்தால் தொழில் செத்துவிடும். தரைத்தளத்தில் பொதுப் பட்டறையும் புகையில்லாச் சூளைகளும் கட்டித் தருவது நடக்கக்கூடிய காரியம்தான். அதைக் கேட்கும் பொறுப்பு குயவர்களோடு சேர்த்து, நூறாண்டாக அவர்கள் அகலை ஏற்றிவரும் தமிழர்களுக்கும் உண்டு.

மும்பையில் இருக்கிறீர்களா? கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே சயான் ஸ்டேஷனிலோ மாஹிம் ஸ்டேஷனிலோ இறங்கிக் கும்பார்வாடாவுக்குப் போங்கள். கடையில் பிளாஸ்டிக் உறையில் கிடைக்கும் அகலை விட்டுவிட்டு, செய்தவர் வீட்டு வாசலிலேயே வாங்குங்கள். பொங்கல் பானைக்கும் அப்போதே சொல்லி வையுங்கள். பேரம் மட்டும் பேச வேண்டாம்.