காற்று மனசு வைத்தால்தான் படகு கிளம்பும்! நைல் நதியில் ஒரு ஃபெலுக்கா பயணம்

எகிப்து என்றதும் பிரமிடுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த நாட்டை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் தேடிப்போவது ஃபெலுக்காவை. நைல் நதியில் ஓடும் மரப் படகு இது. முக்கோணப் பாய்தான் இதன் அடையாளம். இன்ஜின் கிடையாது, அறை கிடையாது, பெரும்பாலான படகுகளில் கழிப்பறையும் கிடையாது! மேல்தளம் முழுக்க மெத்தை விரித்திருப்பார்கள். உட்காருவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாமே அதில்தான்.

தெற்கு எகிப்தின் அஸ்வான் நகரில் பயணம் தொடங்கும். முதலைக் கடவுள் சோபெக்குக்குக் கோயில் இருக்கும் கோம் ஓம்போ சுமார் 45 கி.மீ. தூரம். பருந்துக் கடவுள் ஹோரஸின் கோயில் இருக்கும் எட்ஃபு 100 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கார் என்றால் சில மணி நேரம். ஃபெலுக்காவில் எத்தனை நாள்? அதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறு ஒரு பக்கம், காற்று மறுபக்கம்

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ, ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. நாம் வாடைக்காற்று என்று சொல்லும் திசை. தெற்கே போகப் பாய், வடக்கே போக நீரோட்டமும் துடுப்பும் என்று பண்டைய எகிப்தியர்கள் பயணம் செய்தார்கள். அவர்களின் சித்திர எழுத்தில் தெற்குப் பயணத்தைக் குறிக்கப் பாய் விரித்த படகும், வடக்குப் பயணத்தைக் குறிக்கப் பாய் இல்லாத படகும் இருக்கும்!

அஸ்வானிலிருந்து வடக்கே கிளம்பும் பயணிக்குக் கிடைப்பது எதிர்க்காற்று. அதனால், படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்துதான் முன்னேறும். காற்று நின்றுவிட்டால், நீரோட்டத்தின் போக்கில் மெதுவாக மிதக்கும். காற்று பலமானால் இன்னும் சிக்கல். எதிரெதிரே மோதும் நீரும் காற்றும் அலையைக் கிளப்பும். அப்போது கரையில் கட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே வழி.

வசந்த காலத்தில் 'கம்சீன்' வேறு. அரபு மொழியில் ஐம்பது என்று பொருள். சுமார் 50 நாள் கொண்ட பருவத்தில் அவ்வப்போது வீசும் காற்று என்பதால் அந்தப் பெயர். தெற்கிலிருந்து வந்தாலும் இது தென்றல் இல்லை. கண்ணை மறைக்கும் சூடான மணற்காற்று!

'எப்போ கிளம்புவோம்?'

கரையில் கட்டிய படகில் முதல் ஒரு மணி நேரம் எல்லோர் கையிலும் போன்தான் இருக்கும். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்ப்பார்கள். பேரீச்ச மரங்கள், கரையோரம் ஒரு பட்டை வயல், அதற்குப் பின்னால் உடனே பாலைவனம். 'கர்கதே' என்ற சிவப்பு டீ வரும். நம் புளிச்சக்கீரைக்கு உறவான செடியின் பூவிலிருந்து போடுவது. படகோட்டிகளில் பலர் நூபிய இனத்தவர். பறை தட்டிப் பாட ஆரம்பித்தால், நேரம் போவதே தெரியாது.

ஆனால், மறுநாள் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவருக்கு இதெல்லாம் ரசிக்காது. 'பணம் கொடுத்திருக்கோமே, கிளம்புங்க' என்று நெருக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தாமதம் படகோட்டிக்கும் நஷ்டம்தான். அடுத்த பயணிகள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அப்படியும் அவர் மறுக்கிறார் என்றால், ஆற்றில் நமக்குத் தெரியாத எதையோ பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

போகும் முன் கவனிக்க...

* பயணம் முடியும் நாளுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் நடுவே ஒரு நாளாவது காலியாக விடுங்கள்.

* காற்று ஏமாற்றினால் என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேளுங்கள். மோட்டார் படகு இழுத்துச் செல்லுமா, வழியில் இறக்கி வேனில் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா?

* டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஸ்வெட்டர் அவசியம்.

* மருந்து, டார்ச், பவர் பேங்க், குடிநீர் ஆகியவற்றை ஒரு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே படகில் ஏறுங்கள்.