ஆடுவதும் சொல்வதும்

நாயுடுபுரத்தில் என் அண்ணன் மகன் 2014-இல் வாங்கிய கம்ப்யூட்டரை இன்னமும் வைத்திருக்கிறான். இன்டெல் ஐ5, நான்கு கோர், 8 ஜிபி. விளையாட்டுகள் அதில் ஒழுங்காகவே ஓடுகின்றன. விளையாடுவதை நேரலையில் காட்ட ஆரம்பித்தால்தான் திணறல். சீசனில் காட்டேஜ் வேலை பார்த்துச் சேர்த்த பணம் முழுவதையும் புதிய மெஷினில் போட்டுவிட இருந்தான்.

நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லிசெகண்டு சொச்சம். அதற்குள் பிராசஸர் விளையாட்டின் உலகத்தை நடத்தவும் வேண்டும். நடந்ததைச் சுருக்கி வெளியே அனுப்பவும் வேண்டும். எழுதுகிறவனுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

சுருக்குவதற்கென்றே ஒரு தனிச் சுற்றை என்விடியா 2012-லேயே கார்டில் வைத்துவிட்டது. இவன் கார்டிலும் அது சும்மா கிடந்தது. ஓபிஎஸ்ஸில் அதைத் தேர்ந்தெடுத்ததும் திணறல் பெரும்பாலும் நின்றது. வேகமான காட்சிகள் மட்டும் கசங்கித் தெரிந்தன. பிறகு யாரோ விற்ற 1660 கார்டு (2019-இல் வந்தது; அதன் சுற்று இன்னும் தேர்ந்தது), இன்னொரு 8 ஜிபி, கார்டுக்கு ஈடுகொடுக்க ஒரு பவர் சப்ளை. பணத்தில் பாதிக்குமேல் மிச்சம்.

இம்மலையில் இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். இங்குள்ள சூரிய ஆய்வகத்தின் 6 அங்குலத் தொலைநோக்கி 1850-இல் வாங்கியது. 1898-இல் கிரப் கம்பெனி அதைத் திருத்தி அமைத்தது. பிறகு சூரியனைப் படம் பிடித்துவந்தது அதுதான்.

ஐப்பசி மழையில் இணைப்பு அறுந்தால் எந்தக் கார்டும் உதவாது. அப்போதும் அவன் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான், யாருக்கும் காட்டாமல். எனக்கென்னவோ அப்போது இன்னும் நன்றாக விளையாடுகிறான் என்று படுகிறது.