குட்டி ரயிலைக் கவிழ்க்கும் ஈரம்

அமெரிக்காவில் வீட்டின் பேஸ்மென்ட்டில் குட்டி ரயில் ஓட்டுவது பலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள்! மலை, பாலம், ஸ்டேஷன் என்று ஒரு ஊரையே 87-ல் ஒரு பங்கு அளவில் கட்டுகிறார்கள். 'ஹெச்ஓ' என்ற இந்த அளவில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே வெறும் 16.5 மில்லிமீட்டர்தான்.

அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் பலரும் போடுவது ஹோமசோட். நியூ ஜெர்சியில் 1909-ல் தொடங்கிய ஒரு கம்பெனியின் சரக்கு. பழைய செய்தித்தாளைக் கூழாக்கி அழுத்திச் செய்த ஃபைபர்போர்டு. குட்டி ஆணி சுலபமாக இறங்கும், இறங்கினால் பிடித்துக்கொள்ளும். ரயில் சத்தமும் குறையும்.

அப்புறம் என்ன பிரச்சினை? ஈரம்!

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும் அல்லவா? காகித நாரும் மரத்திலிருந்து வந்ததுதானே. தயாரிக்கும்போதே மெழுகு சேர்ப்பதால் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டதும் பலகை ஊறிவிடாது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் வேறு விஷயம். அது சத்தமில்லாமல், நாள்கணக்கில் உள்ளே போகும். கோடையில் பேஸ்மென்ட் ஈரமாக இருக்கும், பலகை விரியும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்தும், பலகை சுருங்கும். உலோகத் தண்டவாளமோ ஈரத்துக்கு அசையாது.

ஒரு சின்னக் கணக்கு. பலகை ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே 3 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். மிச்சமாகும் தண்டவாளம் எங்கே போகும்? பக்கவாட்டில் வளையும். அப்புறம் ரயில் தடம் புரளும்.

பெயிண்ட் அடித்தால் போதும் என்பார்கள். மேல்பக்கம் மட்டும் அடித்துப் பயனில்லை. அடிப்பக்கமும் வெட்டிய ஓரங்களும் திறந்திருந்தால் ஈரத்துக்கு அதுவே வாசல். எல்லாப் பக்கமும் அடித்தாலும் ஈரம் நுழையும் வேகம்தான் குறையும், அடியோடு நிற்காது. கீழேயுள்ள மரச்சட்டமும் சேர்ந்து அசைவதால், பழியை ஹோமசோட் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. தண்டவாள இணைப்புகளை எல்லாம் ஈயப்பற்று வைத்து இறுக்காமல், அங்கங்கே இடைவெளி விடவேண்டும். அறையில் ஒரு டீஹியூமிடிஃபையர் ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பலகையின் விலை பெரிதல்ல. ஆனால் அதன்மேல் மலையும் ஊரும் எழும்பிய பிறகு ஓரத்தில் பெயிண்ட் அடிக்க வழியே இல்லை. பல வருட உழைப்பைக் காப்பாற்றுவது, முதல் ஆணி இறங்குவதற்கு முன் செலவழிக்கும் அந்த ஒரு நாள்தான்!