தரை துடைக்கப் போகிறவர்கள்

"படிக்காவிட்டால் தரை துடைக்கத்தான் போக வேண்டும்." இந்த வாக்கியத்தைக் காதில் வாங்காமல் எஸ்பிஎம் தேர்வுக்கு அமர்ந்தவர் நம்மில் யாரேனும் உண்டா? எங்கள் வீட்டில் அம்மா வாரத்திற்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிவிடுவார். அப்போதெல்லாம் பாட்டி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். காரணம் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியவில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில், எங்கள் வீட்டுக்குத் தரை வேலைக்கு வந்த ஒருவரால்தான் தெரிந்தது.

எங்கள் வீடு கிள்ளானில், ஒரு தாமானில் இருக்கிறது. 1996இல் அப்பா வாங்கிய வீடு. முன்கூடம் முழுவதும் பளிங்குக்கல், அதாவது நம் பேச்சில் மார்பிள். புதிதில் அதில் முகம் தெரியும் என்பார் அம்மா. நான் பார்த்த நாள் முதல் அது மங்கலாகத்தான் இருந்தது. வாசலருகே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு வேறு. அக்காவின் நிச்சயதார்த்தம் வீட்டிலேயே நடக்கும் என்று முடிவானதும், தரையை மெருகேற்ற ஆள் கூப்பிடலாம் என்றார் அப்பா. "நம்ம வீட்டுத் தரையைத் தொடைக்க ஊரான் வரணுமா?" என்றார் அம்மா. ஒரு வாரம் வினிகர் கலந்த நீரால் அழுத்தி அழுத்தித் துடைத்துப் பார்த்தார். தழும்பு இன்னும் பெரிதாயிற்று.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பந்திங் பக்கத்துத் தமிழர்; உதவிக்குத் தம் அக்காள் மகனை அழைத்து வந்திருந்தார். வாசலில் குனிந்து தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கதான் எலுமிச்சம்பழம் நசுக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா வாயடைத்துப் போனார். பளிங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வினிகர் என எந்த அமிலம் பட்டாலும் அந்த இடத்தில் கல்லே கரைந்துவிடும். ஆகவே அது அழுக்கன்று, பள்ளம். எவ்வளவு தேய்த்தாலும் பள்ளம் போகாது. சுற்றியுள்ள கல்லையும் அந்த மட்டத்துக்கு அரைத்து இறக்கினால்தான் போகும். ஆயுத பூசைதோறும் நாங்கள் நசுக்கிய பழம் திருஷ்டியைக் கழித்ததோ இல்லையோ, கல்லைக் கழித்துவிட்டது!

மங்கலுக்குக் காரணமும் அவரே சொன்னார். பளிங்கு பார்க்கத்தான் கல்; கடினத்தில் மிக மென்மையானது. மோஸ் அளவையில் அதற்கு 3 என்றால், மணலில் உள்ள குவார்ட்சுக்கு 7. செருப்பை வாசலில் விட்டாலும் காலோடு வரும் மணல் போதும், நாள்தோறும் கீறிக்கொண்டே இருக்கும்.

600 சதுர அடி, அடிக்கு 2 வெள்ளி 50 காசு, ஆக 1,500 வெள்ளி என்றார். அம்மா 1,200 என்றார். அவர் கோபப்படவில்லை. "1,200க்கும் செய்யலாம்மா. அரைக்க மாட்டோம், மெழுகு பூசிட்டுப் போயிருவோம். ஒங்களுக்கு இன்னிக்குப் பளபளன்னுதான் இருக்கும்." பக்கத்து வீட்டில் அப்படித்தான் யாரோ பூசிவிட்டுப் போனார்கள், சில மாதங்களில் நடக்கும் தடம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. நண்பர்களே, நாளை உங்கள் வீட்டுக்கு ஆள் அழைத்தால் விலையைக் கேட்கும் முன் "அரைப்பீர்களா, பூசுவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு வேலை.

இரண்டு நாள் வேலை. சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் பிளாஸ்டிக் ஒட்டி மறைத்தார்கள். இயந்திரத்தின் அடியில் வைரத்துகள் பதித்த வட்டத் தட்டுகளை மாட்டினார்கள். 50 என்ற எண்ணில் தொடங்கி 100, 200, 400, 800, 1,500, 3,000 என்று ஏறினார்கள். எண் ஏற ஏறத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். முந்தைய தட்டு போட்ட கீறலை அடுத்த தட்டு அழிக்கும். தான் அதைவிட மெல்லிய கீறலைப் போட்டு வைக்கும். இப்படியே கண்ணுக்குத் தெரியாத கீறல் வரும்வரை போனால், அதற்குப் பெயர்தான் பளபளப்பு. ஓர் எண்ணைத் தாவினால் பழைய கீறல் உள்ளேயே தங்கிவிடும். சூடும் தூசியும் கிளம்பாமல் இருக்க நீர் விட்டுத்தான் அரைப்பார்கள். அப்போது ஊறிவரும் பால் போன்ற சேற்றை அவர் ஒரு சொட்டுக்கூடக் கால்வாயில் ஊற்றவில்லை. இறுகிக் குழாயை அடைத்துவிடுமாம்; வாளியில் அள்ளி வேனில் ஏற்றிக்கொண்டார். இயந்திரம் மூலைக்குள் நுழையாது. அங்கெல்லாம் மண்டியிட்டுக் கைக்கருவியால்தான் அரைக்க வேண்டும். அவருடைய முட்டியில் காய்த்துப்போன தோலைப் பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மாலை, வேலை முடிந்தது என்று கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பாட்டி மட்டும் கூடத்துக்குள் கால் வைக்காமல் சுவரோரமாக நின்றார். "வெளக்க அணைச்சிட்டுக் கதவத் தொறங்க," என்றார். பிறகு மெல்லக் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரையோடு சாய்த்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார்.

"தம்பி, மாடிப்படி பக்கத்துல ரெண்டு வட்டம் நிக்குது."

அவரும் குந்திப் பார்த்தார். உண்மைதான். அக்காள் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அந்த இடத்தில் 400லிருந்து நேராக 1,500க்குத் தாவியிருந்தான். மறுபேச்சில்லாமல் இயந்திரத்தை மீண்டும் இறக்கினார்கள்.

"பாட்டி, நீங்க எங்க வேலை செஞ்சீங்க?"

"தொர பங்களாவுல. பதினாலு வருசம்."

அம்மா என்னைப் பார்த்தார்; நான் அம்மாவைப் பார்த்தேன். பாட்டி பால்மரம் வெட்டியவர் என்பதுதான் எங்கள் வீட்டு வரலாறு. 1960களில் வெட்டுக்காட்டிலிருந்து எடுத்துப் பங்களா வேலைக்குப் போட்டார்களாம். பங்களாவுக்குப் போகிறவளைப் பற்றி லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றுவிட்டாராம் தாத்தா. அவர் இறந்து பல ஆண்டுகளான பிறகும் பாட்டி எடுக்கவில்லை. எங்களிடம் சொல்லாததை, முன்பின் அறியாத அந்த மனிதரிடம் சொன்னார்.

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மைலோ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பங்களாவில் சிவப்புச் சிமெண்டுத் தரை. மெழுகு டின்னை முதலில் வெயிலில் வைத்து இளக்க வேண்டும். துணியில் தொட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். கனத்துப் பூசினால் காலடி ஒட்டும். காய்ந்ததும் பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் போட்டு, இடுப்பை அசைத்துத் தேய்த்துக்கொண்டே பின்வாசலை நோக்கிப் பின்னால் நகர வேண்டும். துரை வரும் முன் சாயங்கால வெளிச்சத்தில் குந்தி வட்டம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முடித்த தரையில் பாட்டி ஒருநாளும் நின்றதில்லையாம். பின்வாசலோடு வந்து பின்வாசலோடு போவதுதான் முறை.

"வெளிச்சத்துக்கு எதிரா பாக்கணும்னு எனக்குப் புரியவே மூணு வருசம் ஆச்சு பாட்டி," என்றார் அவர். "ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? வட்டம் தெரிஞ்சா தொரசாணி திட்டும்."

அம்மா உள்ளே போய்ப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்தார். 1,500 வெள்ளி. பாட்டியின் கவனம் அதில் இல்லை.

"செவப்புச் சிமெண்டுன்னா எந்த நம்பர்ல ஆரம்பிப்ப தம்பி?"

"நம்பருக்கு முன்னாடி பழைய மெழுகைச் சுரண்டி எடுக்கணும் பாட்டி. இல்லாட்டித் தட்டு அடைச்சுக்கும்."

"பதினாலு வருசத்து மெழுகு," என்று பாட்டி சிரித்தார். "எடுக்க ரெண்டு நாள் பத்தாது."