ஆளும் புதுசு, ஆட்டமும் புதுசு

குன்னூரில் பனி அதிகம். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜனவரியில் பிக் பாஸ் எட்டாவது சீசன் முடிந்தது. முத்துக்குமரன் ஜெயித்தார். நல்ல தமிழ் பேசுகிற பிள்ளை ஜெயித்ததில் இந்த டீச்சருக்கு மகிழ்ச்சி. ஆனால் நான் சொல்ல வந்தது ஜெயித்தவரைப் பற்றி அல்ல, நடத்தியவரைப் பற்றி.

2017 ஜூனில் தொடங்கியதிலிருந்து ஏழு சீசன் கமல்தான் நடத்தினார். 2021இல் அவருக்குக் கொரோனா வந்தபோது ரம்யா கிருஷ்ணன் வந்து நின்றார். 2022இல் ஓடிடியில் வந்த பிக் பாஸ் அல்டிமேட்டில் கமல் பாதியில் விலக, சிம்பு வந்தார். 2024 ஆகஸ்ட்டில், ஒப்புக்கொண்ட சினிமா வேலைகள் இருப்பதால் இடைவெளி எடுத்துக்கொள்வதாகக் கமல் அறிவித்தார். அக்டோபரில் "ஆளும் புதுசு, ஆட்டமும் புதுசு" என்று விஜய் சேதுபதி வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சண்டைதான். "பேச வந்தவங்களைப் பேச விடாம உக்கார வைக்கிறார்" என்று ஒரு கட்சி. "சுத்தி வளைக்காம நேரா கேக்குறார்" என்று இன்னொரு கட்சி. நான் கமல் கட்சி. வார இறுதியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்காட்டிப் பரிந்துரைப்பாரே, அதற்காகவே உட்கார்ந்து பார்த்தவள் நான். "கமல் இடத்தில் யார் வந்தாலும் அது கமல் ஆகாது" என்று குரூப்பில் எழுதினேன். முந்தின வருஷம் பிரதீப் ஆண்டனிக்கு ரெட் கார்டு கொடுத்தபோது இதே கமலை ஊரே திட்டியதும், நானும் கூடச் சேர்ந்து திட்டியதும் வசதியாக மறந்துபோனது.

என் தம்பி விடவில்லை. "அக்கா, 2007இல் அமிதாப் இடத்துக்கு ஷாருக் கான் வந்தப்பவும் இதையேதான் சொன்னே" என்றான். உண்மைதான். கோன் பனேகா குரோர்பதியை 2000இல் தொடங்கிய அமிதாப்புக்கு 2005இல் உடம்பு முடியாமல் போக, அந்த சீசன் பாதியில் நின்றது. மூன்றாவது சீசனுக்கு ஷாருக் வந்தார். 2010இல் அமிதாப்பே திரும்பி வந்துவிட்டார். தமிழில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யில் சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த் சாமி என்று மூன்று சீசனுக்கு மூன்று பேர். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவரை நாம் பழையவரோடுதான் நிறுத்துப் பார்த்தோம்.

இதையெல்லாம் முகநூலில் விளையாட்டாக எழுதியிருந்தேன். அதற்கு என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், ஒரே ஒரு வரி எழுதினான்: "டீச்சர், நீங்க போனப்புறம் வந்த சாரையும் எங்க லைன்ல இப்படித்தான் பேசினாங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2019 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். ஜூனில் என் வகுப்புக்கு ஒரு தம்பி வந்தார். சமவெளிக்காரர், எங்கள் குளிரே அவருக்குப் பழகவில்லை. இரண்டே வாரத்தில் எஸ்டேட்டிலிருந்து பெற்றோர்கள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "டீச்சரம்மா, அவர் பேசுறதே பிள்ளைங்களுக்குப் புரியல." "உங்களை மாதிரி பாட்டுப் பாடிச் சொல்லித்தர்றதில்ல." நான் அவர்களுக்கு டீயும் வர்க்கியும் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லத்தான் செய்தேன். ஆனால் மனதுக்குள் இனித்தது. மறுவாரம் அவர்கள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்றுகூடத் தோன்றியது.

ஒருநாள் அந்தத் தம்பியே வந்தார். "டீச்சர், பிள்ளைங்க என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு நாள் வந்து என்கூட வகுப்பில உக்காந்தாப் போதும்" என்றார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி இருந்தது உண்மை. ஆனால் அதே வாரம் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தேன். கொஞ்ச நாளில் அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

1983இல் நான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த நாளைச் சொல்ல வேண்டும். எனக்கு முன் இருந்த சார் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் அழுதார்கள். ஓய்வு பெற்ற அவர், ஒரு வாரம் தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தால், என் பக்கம் கையைக் காட்டுவார். ஆறாவது நாள் அவர் வரவில்லை. பிள்ளைகள் தேடவும் இல்லை. நான் டீச்சர் ஆனது அந்த ஒரு வாரத்தில்தான். அப்படி ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டதை, நான் அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை.

விஜய் சேதுபதி நன்றாக நடத்தினாரா என்பதில் நீங்கள் எந்தக் கட்சியிலும் இருங்கள். அவருக்கு நம் பேச்சால் ஒன்றும் குறையாது. ஆனால் உங்கள் ஆபீஸில், கடையில், வீட்டுக்கு வந்த மருமகளிடத்தில், புதிதாக ஒருவர் வந்து நின்றால், "முன்னே இருந்தவங்க மாதிரி வருமா" என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தத் தம்பியின் நம்பரைப் பழைய டைரியில் தேடி எடுத்துவிட்டேன். நாளை காலை பேசப் போகிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முழங்கால் வலியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்