மாமா குறுக்கே விட்டார்!

எங்க ஊர் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உண்டு. மாட்டு வண்டிப் பந்தயம் கிடையாது. அதை நான் பார்த்தது அத்தை வாக்கப்பட்ட சிவகங்கைச் சீமையில்.

கொங்குப் பக்க ரேக்ளாவில் 200, 300 மீட்டர்தான், கடிகாரத்தோடு மல்லுக்கட்டு. இங்கேயோ பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, ரோட்டில் எல்லா வண்டியும் ஒண்ணாகப் பாயும். சாரதி கயிற்றைச் சுண்டினால் போதும், பின்னால் வருகிறவனுக்கு வழி அடைபடும். 2014-ல் சுப்ரீம் கோர்ட் நிறுத்திய பந்தயம், 2017-க்கு அப்புறம் மறுபடி களைகட்டியதே, அப்படி ஒன்றில்தான் மாமா கயிற்றைச் சுண்டினார். முதல் பரிசு!

எதிராளி கத்தினான். குதிரைப் பந்தயம் என்றால் விசாரிக்க ஸ்டூவர்டுகள் உண்டு. ஜாக்கிக்கு அபராதம், தடை. இங்கே நாலு கமிட்டிக்காரர்கள், ஒரு மைக்.

"பைக்கில பின்னால வந்தானே, எங்க மாப்ளையே சொல்லட்டும்" என்றார் மாமா, மீசையைத் தடவியபடி.

எச்சில் விழுங்கினேன். "மாமாதான் குறுக்கே விட்டாரு."

பரிசு கைமாறியது. ராத்திரி அத்தை சோறு போட்டாள், குழம்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாமா பேசவே இல்லை. மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னலோரம் நின்று மெதுவாகக் கேட்டார்:

"அவன் மாட்டுக்குக் கால்ல ஒண்ணும் அடிபடலியே மாப்ளே?"