பதின்மூன்றே முக்கால் நாழிகை

முல்லைப்பாட்டைப் பயின்றோர், பாசறையிலுள்ள மன்னனுக்கு நீர்க்கலத்தின் துணையால் பொழுதை அளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை மறவார். அவர் வாக்கிற் பொய் இராது என்பது புலவர் நப்பூதனார் அவர்க்களித்த நற்சான்று. நம் தமிழ்த்துறைக் கணினிக்கோ சென்ற ஆண்டில் அத்தகைய சான்று அளிக்க ஒருவரும் துணிந்திரார். சுவர்க் கடிகாரம் மாலை நான்கு என்னும்போது, கணினித் திரையின் மூலையில் இரவு ஒன்பதரை என்று காணப்படும். பழங்கணக்கிற் சொன்னால், பதின்மூன்றே முக்கால் நாழிகைப் பிழை.

அக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. காலையில் பிற வகுப்பினர் விண்டோஸில் பணி செய்வர். மாலையில் தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய யாம் லினக்ஸைத் திறந்து, ஊர்தோறும் கேட்டுத் திரட்டிய நாட்டுப் பாடல்களை எழுதிச் சேர்ப்போம். அவ்வறைக்கு இணையத் தொடர்பு இல்லை. மாலையில் எம்முள் ஒருவர் மணியைக் கையால் திருத்துவார். மறுநாட் காலையில் பிற வகுப்பினர்க்கு அது ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருத்துவர். மாலையில் எமக்கு முந்திப் போயிருக்கும். ஓரகத்திகள் இருவர் ஒரே அடுக்களையில் உப்புச் சாடியை மாறி மாறி இடம் பெயர்த்து வைப்பதுபோல இது நெடுநாள் நடந்தது. சிலர் திருத்துவதையே கைவிட்டனர். கைக்கடிகாரம் இருக்கக் கணினியின் மணி எதற்கு என்பது அவர் வாதம்.

அவ்வாதம் பொருந்தாது என்பது பின்னர்ப் புலனாயிற்று. கணினியின் மணி நமக்காக மட்டும் ஓடுவதன்று. நாம் எழுதும் ஒவ்வொரு கோப்பின்மீதும் அது தன் முத்திரையை இடுகின்றது. கடற்கரையூரைச் சேர்ந்த நண்பர் ஒருவர், தம் ஆச்சி பாடிய ஒப்பாரிப் பாடல்களை ஒரு மாலை நான்கு மணிக்கு இக்கணினியில் எழுதி முடித்தார். கோப்பில் ஒன்பதரை என்று பதிந்தது. அதன் படியொன்றை விடுதிக்குக் கொண்டு சென்று, ஏழு மணிக்கு ஆச்சியோடு தொலைபேசியிற் பேசி, விளங்காத மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டுத் தம் மடிக்கணினியிற் சேர்த்தார். அதில் ஏழு மணி என்று சரியாகவே பதிந்தது. மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்ளும் நிரல், ஒன்பதரையை ஏழினும் பிந்தியதென மதித்து, திருந்திய படியைத் துடைத்துவிட்டது. அந்நிரல் செய்தது அதற்கு இட்ட கட்டளையே.

அச்சொற்கள் காணாமற் போனதை யாம் அறிந்தது ஏழெட்டு வாரம் கழிந்தபின். அதற்குள் ஆச்சி காலமாகிவிட்டார். இரண்டு சொற்களின் பொருளை நண்பர் நினைவிலிருந்து மீட்டார். மூன்றாவதற்கு ஊரிற் பலரைக் கேட்டும் விடை கிடைத்திலது. எம் தொகுப்பில் அச்சொல்லுக்கு எதிரே ஒரு வினாக்குறி மட்டும் நிற்கின்றது.

அதன்பின் யானும் நண்பரும் காரணத்தை ஆராயத் தலைப்பட்டோம். மின்சாரம் நின்றபின்னும் மணியைக் காத்தற்பொருட்டுக் கணினிக்குள்ளே சிறு கடிகாரம் ஒன்று, காசு வடிவான 3 வோல்ட் பேட்டரியால் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி நலிந்தாற் கடிகாரம் நின்று பழைய ஆண்டொன்றைக் காட்டும். எம் கணினியிற் பிழை எந்நாளும் சரியாக ஐந்தரை மணியே. ஒரு நிமிடமும் ஏறவில்லை, இறங்கவில்லை. பழுதுற்ற கடிகாரம் இவ்வளவு ஒழுங்காகப் பிழைக்குமோ? இந்தியாவின் மணி, உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது என்பது நினைவுக்கு வந்தது.

லினக்ஸின் முனையத்தில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்று அடித்தோம். ஊர் நேரம் 21.30, உலகப் பொது நேரம் 16.00; உட்கடிகாரம் 16.00 எனத் தனித்தனி வரிகள் தோன்றின. சுவரிலும் 16.00 தான்! உட்கடிகாரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் நாளும் மணியும் உண்டேயன்றி, எவ்வூர் மணி என்னும் குறிப்பு இல்லை. விண்டோஸ், எம்.எஸ். டாஸ் காலந்தொட்டு வரும் வழக்கப்படி, அதனை உள்ளூர் மணியாகக் கொள்ளும். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் யூனிக்ஸ் மரபினதாகிய லினக்ஸ், அதனை உலகப் பொது நேரமாகக் கொண்டு, ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். இரண்டும் தத்தம் மரபிற் குற்றமற்றவையே. இடையில் உடன்படிக்கை இல்லை, அவ்வளவுதான்.

தீர்க்கும் வழி இரண்டு. உட்கடிகாரம் உள்ளூர் மணியே என லினக்ஸுக்குச் சொல்லலாம். இது ஒரு வரிக் கட்டளை. நண்பர் இதனையே விரும்பினார். எனினும், இந்நிலையை முழுதும் ஆதரிக்க இயலாது, நேர வலயமும் கோடைக்கால மணியும் மாறுங்கால் இடர் விளையும் என்று லினக்ஸே எச்சரிக்கின்றது. கோடைக்கால மணி நம் நாட்டில் இல்லையாயினும், ஊர்ப்பெயர் அற்ற மணியை உள்ளே வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆதலின் பேராசிரியரின் இசைவு பெற்று, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்னும் பெயரால் 1 என்ற மதிப்பைப் பதிந்தோம். உட்கடிகாரத்தை இனி உலகப் பொது நேரமாகக் கொள்க என்பதே அதன் பொருள். பின்னர் லினக்ஸில் மணியை ஒருமுறை சரியாக வைத்தோம். அன்றுமுதல் இரு தளங்களும் ஒரே மணியைக் காட்டுகின்றன.

நிற்க. இவ்வாராய்ச்சியில் எதிர்பாராது ஒரு புதையலும் கிட்டிற்று. லினக்ஸ் எம் மணிக்கு வைத்துள்ள வலயப்பெயர் ‘ஆசியா/கொல்கத்தா’. சென்னையின் பெயர் பட்டியலில் இல்லையே என்று நண்பர் வருந்தினார். 1900ஆம் ஆண்டின் நாளொன்றை அவ்வலயத்திற் காட்டுமாறு விளையாட்டாகக் கேட்டேன். ‘எம்.எம்.டி.’ என்ற குறியும், 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்ற வேறுபாடும் வந்தன. அது சென்னை நேரம்! 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடத்தைத் தழுவிய அம்மணியையே, 1906இல் 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்கைக் கொண்ட இந்தியப் பொது நேரம் வருமுன், நாட்டின் இருப்புப்பாதைகள் கைக்கொண்டிருந்தன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய அந்நேர வலயப் பட்டியல், கொல்கத்தாவின் பெயருக்குள் சென்னையின் மணியைப் போற்றி வைத்திருக்கின்றது. நண்பர் அன்று சிரித்த சிரிப்பு, பல வாரங்களுக்குப்பின் யான் கேட்ட முதற் சிரிப்பு.

இனிச் செய்யவேண்டுவது பழைய கோப்புகளின் நாள்முத்திரைகளைத் திருத்துதல். எல்லாவற்றிலும் ஐந்தரை மணியைக் கழித்துவிட வொண்ணாது. யாரேனும் மணியைத் திருத்தியிருந்த மாலைகளில் எழுதியவை சரியாகவே உள்ளன. எவை எத்தகையன என்பது கோப்பைப் பார்த்து அறியத்தக்கதன்று. அறையின் வருகைப் பதிவேட்டில் மாணவர் கையெழுத்திட்ட நேரத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு வருகின்றோம். ஒப்பாரித் தொகுதி முடிந்தது. தாலாட்டுத் தொகுதி நடைபெறுகின்றது. விடுகதைகளைக் கோடை விடுமுறைக்குமுன் முடித்தல் கூடும்.